எழுதியதை அழிக்க எது விடுகிறது? மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் பற்றி ஒரு பயனரின் மதிப்பீடு

மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் போன்ற சமூக ஊடக ஆப்களுக்கு ரிவ்யூ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டைம்லைன் எப்படி இருக்கிறது, தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா, வீடியோ ஒழுங்காக ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நானே எழுதிய பதிவை நானே அழிக்க நினைத்தால் ஒரே கம்பெனியின் கையில் இல்லாத இந்தப் பரவலாக்கப்பட்ட நெட்வொர்க்குகள் எந்த அளவுக்கு விடுகின்றன? மூன்றிலும் கணக்கு வைத்திருக்கிறேன், மூன்றிலும் எழுதி, அழித்து, வேறு சர்வரில் இருக்கும் நண்பர்களிடம் "இன்னும் தெரிகிறதா பாரு" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழிப்பதற்கான வசதிகளில் மாஸ்டடான் முதலிடம். அழிக்கும் வேலை சுத்தமாகவும் வேகமாகவும் நடப்பதில் புளூஸ்கை ஒரு படி மேல், ஆனால் அங்கே எல்லாமே ஊரறியக் கிடக்கிறது. நாஸ்டரில், பின்னால் அழிக்க வேண்டி வருமோ என்று லேசாகத் தோன்றும் எதையும் எழுதாதீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். மனிதர்களின் வாழ்க்கை மாறுகிறது, அதனால்தான். வேலை மாறுகிறார்கள், ஒரு உறவிலிருந்து வெளியே வருகிறார்கள், யாரோ ஒருவர் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார், குழந்தை வளர்ந்து "என் போட்டோவை எடுத்துவிடு" என்று கேட்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஒரு கோபத்தில் எழுதிய நாலு வரி இன்றும் தன் பெயரோடு தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒருவர் முடிவு செய்யலாம், செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமை எழுதியவருக்கு இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்த மதிப்பீடு முழுக்க அந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

ஒரே கம்பெனி நடத்தும் தளத்தில் டெலீட் அழுத்தினால், அந்தக் கம்பெனியின் டேட்டாபேஸில் இருந்து போகிறது. பேக்கப்பில் எத்தனை நாள் கிடக்கும் என்பது வேறு கதை, ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. இங்கே அப்படி இல்லை. நீங்கள் எழுதியதும் அதன் பிரதி பல சர்வர்களுக்குப் போய்விடுகிறது, ஒவ்வொரு சர்வருக்கும் வேறு வேறு ஆள் பொறுப்பு. அதனால் டெலீட் பட்டன் செய்வது இரண்டு வேலைகள்: உங்கள் இடத்தில் இருப்பதை அழிக்கிறது, மற்ற எல்லோருக்கும் "இதை அழித்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறது. முதல் வேலை உறுதி. இரண்டாவது எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதில்தான் இந்த மூன்றும் வேறுபடுகின்றன.

மாஸ்டடானில் இருந்து ஆரம்பிக்கிறேன், சொல்ல நிறைய இருப்பது இங்கேதான். 2016-ல் வந்த இது, 2018 ஜனவரியில் வேர்ல்டு வைடு வெப் கன்சார்ட்டியம் தரமாக அங்கீகரித்த ஆக்டிவிட்டிபப் என்ற புரோட்டோகாலில் (சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறையில்) ஓடுகிறது. அந்தத் தரத்திலேயே அழிப்பதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டெலீட் என்று ஒரு செய்தி வகை உண்டு, அழித்த பதிவு இருந்த இடத்தில் "இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை" என்று மட்டும் சொல்லும் ஒரு நடுகல்லை வைக்கலாம், கேட்டு வருகிறவர்களுக்கு, போய்விட்டது என்று பொருள்படும் 410 என்ற பதிலை அனுப்பலாம். நீங்கள் அழித்ததும் உங்கள் சர்வர், உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்கள், அந்தப் பதிவை பூஸ்ட் (அதாவது மறுபகிர்வு) செய்தவர்கள், பதில் போட்டவர்கள், அதில் நீங்கள் பெயர் குறிப்பிட்டவர்கள் ஆகியோரின் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் செய்தியை அனுப்புகிறது. எதிர்ப்பக்கமும் ஒழுங்காக ஓடும் மாஸ்டடான் சர்வராக இருந்தால் பதிவு, படம், பூஸ்ட் எல்லாம் போய்விடும். நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் சில நொடிகளில் காணாமல் போயிருந்தது. பதில் போட்டவர்களின் பதில்கள் மட்டும் அப்படியே நிற்கும், அது அவர்கள் எழுதியது என்பதால் அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஓட்டைகளும் உண்டு. எதிர்ப்பக்க சர்வர் அந்த நேரத்தில் படுத்திருந்தால் உங்கள் சர்வர் இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப முயன்று பார்க்கும், ஒரு கட்டத்துக்கு மேல் கைவிட்டுவிடும். யாரோ ஒருவர் உங்களைப் பின்தொடராமல், லைக்கோ பூஸ்டோ எதுவும் செய்யாமல், உங்கள் பதிவின் லிங்க்கைத் தன் சர்வரின் தேடல் பெட்டியில் போட்டு இழுத்திருந்தால் அங்கே ஒரு பிரதி உட்கார்ந்திருக்கும், அப்படி ஒன்று இருப்பதே உங்கள் சர்வருக்குத் தெரியாது, தெரியாத இடத்துக்கு எப்படிச் செய்தி அனுப்பும்? உங்கள் சர்வரை நடத்தும் அட்மின் இன்னொரு சர்வரை பிளாக் செய்துவிட்டால் இன்னும் சிக்கல். பிளாக்குக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தவை அங்கேயே கிடக்கும், அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் டெலீட் போய்ச் சேரப் பெரும்பாலும் வழி இருக்காது. தொல்லை கொடுப்பவர்கள் நிறைந்த சர்வர் என்றுதான் பிளாக்கே செய்கிறார்கள், அங்கேதான் உங்கள் பழைய பதிவு அழியாமல் நிற்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதில் எதைப் பற்றியும் பயனருக்கு ஒரு தகவலும் வராது என்பதுதான் மாஸ்டடான் மீது எனக்கு இருக்கும் பெரிய புகார். டெலீட் அழுத்தினால் நிச்சயமா என்று கேட்கிறது, சரி என்றால் திரையில் இருந்து மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். எத்தனை சர்வருக்குச் செய்தி போனது, எத்தனை ஏற்றுக்கொண்டன, எது பதிலே சொல்லவில்லை என்று ஒரு வரி காட்டினால் என்ன? ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது சர்வருக்குத் தெரியும், அதை வைத்துத்தானே திரும்ப முயல்கிறது. ஒருவர் வீட்டு முகவரி தெரியாமல் வெளியாகிவிட்டது என்று வையுங்கள். அது எங்கே இன்னும் கிடக்கிறது என்று தெரிந்தால் அந்த சர்வரின் அட்மினுக்கு நேராக எழுதிக் கேட்கலாம். தெரியாவிட்டால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முகவரி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், இது பலருக்குத் தெரியவில்லை. 2022-ல் மாஸ்டடானில் பதிவைத் திருத்தும் வசதி வந்தது. நல்ல வசதி. ஆனால் திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் எல்லாம் வரலாறாகச் சேமிக்கப்படும், பதிவைப் பார்க்க முடிந்த யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். எனவே போன் நம்பர், முகவரி, இன்னொருவரின் பெயர் போன்றவை தவறி வந்துவிட்டால் திருத்தாதீர்கள், அழியுங்கள். "அழித்துத் திரும்ப எழுது" என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது, அது பழைய பதிவை அழித்து அதன் வாசகத்தை எழுதும் பெட்டியில் திரும்ப வைக்கும். லைக்குகளும் பூஸ்ட்களும் போய்விடும், வந்த பதில்கள் தனியே நிற்கும். போகட்டும்.

இனி மாஸ்டடானின் உண்மையான பலம். செட்டிங்ஸில் பதிவுகளைத் தானாக அழிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, இதற்காக மட்டுமே நான் இந்த நெட்வொர்க்கை மற்றவர்களுக்குச் சொல்வேன். 1 வாரத்தில் இருந்து 2 வருடம் வரை ஒரு வயதைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த வயதைத் தாண்டிய உங்கள் பதிவுகளை சர்வரே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வரும். எதை விட்டுவைக்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம்: பின் செய்தவை, நீங்களே லைக் அல்லது புக்மார்க் செய்தவை, படம் உள்ளவை, வாக்கெடுப்புகள், நேரடிச் செய்திகள், இத்தனை லைக்குக்கு மேல் அல்லது இத்தனை பூஸ்ட்டுக்கு மேல் வாங்கியவை. யோசித்துச் செய்திருக்கிறார்கள். நான் 3 மாதம் வைத்திருக்கிறேன், நன்றாக எழுதியதாகத் தோன்றும் பதிவை நானே புக்மார்க் செய்துவிடுவேன், அது தங்கிவிடும், அன்றைய அரட்டை எல்லாம் தானாகப் போய்விடும். பேச்சு என்பது பேசி முடிந்ததும் காற்றில் கரைவது, எழுத்து என்பது நிற்பது. சோஷியல் மீடியாவில் நாம் பெரும்பாலும் பேசுகிறோம், அது எழுத்தாக நின்றுவிடுகிறது. இந்த ஒரு செட்டிங் அந்தக் கோளாறைச் சரி செய்கிறது. ஒவ்வொரு தளத்திலும் இது இருந்தே ஆக வேண்டும், கணக்கு தொடங்கும்போதே எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இதை விட்டு, பழைய பதிவுகளை மொத்தமாக இன்றைக்கே அழிக்கலாம் என்றால் முடியாது. பலவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் அழிக்கும் வசதி இல்லை. வெளி ஆள் செய்த கருவிகளைப் பயன்படுத்தினாலும், 30 நிமிடத்துக்கு 30 பதிவுகள்தான் என்று மாஸ்டடான் வரம்பு வைத்திருக்கிறது. சில ஆயிரம் பதிவுகள் இருந்தால் நாள் கணக்கில் ஓட வேண்டும். ஒவ்வொரு டெலீட்டும் நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குச் செய்தியாகப் போகிறது என்பதால் வரம்பின் நியாயம் புரிகிறது. கணக்கையே அழிப்பது இதைவிட எளிது, உங்கள் சர்வர் தனக்குத் தெரிந்த அத்தனை சர்வர்களுக்கும் இந்த ஆள் இனி இல்லை என்று அறிவித்துவிடும். அந்தப் பெயரை அதே சர்வரில் பிறகு யாரும் எடுக்க முடியாது, ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்க அது தேவை.

சர்வரே மூடிவிட்டால்? இதுதான் மாஸ்டடானில் எனக்கு இருக்கும் பெரிய பயம். உங்கள் டெலீட் செய்தி உங்களுடையதுதான் என்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்துக்கான சாவி உங்களிடம் இல்லை, உங்கள் சர்வரிடம் இருக்கிறது. நான் முன்பு இருந்த ஒரு சின்ன சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. நான் அங்கே எழுதியவற்றில் சில இன்றும் மற்ற சர்வர்களில் தேடினால் வருகின்றன, அவற்றை அழிக்கச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒரே இயந்திரம் இப்போது உலகத்தில் இல்லை. மூடும் அட்மினுக்கு இதைச் சரியாகச் செய்யும் கருவி இருக்கிறது என்பதுதான் வருத்தம். அட்மின்கள் சர்வரை நிர்வகிக்கப் பயன்படுத்தும் டூட்சிடிஎல் கட்டளைகளில் செல்ஃப்-டிஸ்ட்ரக்ட் என்று ஒன்று உண்டு, சர்வரில் இருக்கும் எல்லாக் கணக்குகளுக்கும் டெலீட் அறிவிப்பை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டு மூடலாம். அதற்குச் சர்வரைக் கொஞ்ச நாள் ஓட விட வேண்டும், அவ்வளவுதான். சர்வர் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள்: மூடினால் முன்கூட்டியே சொல்வோம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்களா, ஒருவருக்கு மேற்பட்ட அட்மின் இருக்கிறார்களா. மாஸ்டடான் திட்டமே வைத்திருக்கும் உடன்படிக்கையில், மூடுவதற்கு 3 மாதம் முன்பே பயனர்களிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, அதை ஏற்ற சர்வர்கள்தான் அவர்களின் பட்டியலில் வரும். அந்தப் பட்டியலில் இருந்து எடுப்பது நல்லது.

புளூஸ்கைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே சேரலாம் என்று திறந்த பிறகு கூட்டம் வந்தது. இதன் அடியில் இருக்கும் ஏடி புரோட்டோகாலில் உங்கள் பதிவு, லைக், ஃபாலோ எல்லாம் உங்கள் பெயரில் உள்ள ஒரு ரெப்போவில் (சேமிப்பகத்தில்) இருக்கும், அந்த ரெப்போ ஒரு சர்வரில் இருக்கும், ரிலே என்ற இடைச் சர்வர் அதிலும் மற்றவர்களின் ரெப்போக்களிலும் நடக்கும் மாற்றங்களை அள்ளி ஒரே ஓடையாக விடும், ஆப் அந்த ஓடையைப் படித்துக் காட்டும். ஒரு பதிவை அழித்தால் ரெப்போவில் இருந்து போகிறது, "இது போய்விட்டது" என்பது அதே ஓடையில் ஒரு நிகழ்வாக ஓடுகிறது. அதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும், மாஸ்டடான் மாதிரி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதில்லை. ஆரம்பத்தில் ரெப்போ தன் பழைய நிலைகளின் வரலாற்றையும் வைத்துக்கொள்ளும் அமைப்பாக இருந்தது, 2023-ல் அதை மாற்றி வரலாறு தேவையில்லை என்று ஆக்கினார்கள். அழித்தது அழிந்ததாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இது பெரிய முன்னேற்றம். பயன்படுத்தும்போது வித்தியாசம் தெரிகிறது. அழித்த மறு நொடி மேற்கோள் காட்டியவர்களின் பதிவில்கூட அந்த இடம் காலியாகிவிடுகிறது. யாராவது உங்கள் பதிவை மேற்கோள் காட்டி கூட்டம் சேர்த்துத் திட்டினால், பதிவை அழிக்காமலே அந்த மேற்கோளில் இருந்து மட்டும் பிரித்துக்கொள்ளலாம், இதை 2024-ல் கொண்டுவந்தார்கள். அழிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு நன்றி.

சர்வர் மறைந்தால் என்ன என்ற கேள்விக்கும் இங்கே கொஞ்சம் நல்ல பதில் உண்டு. அடையாளம் சர்வரோடு கட்டப்படவில்லை, மீட்புச் சாவியை நீங்களே வைத்திருந்தால் வேறு சர்வருக்குப் போய் அதே ஆளாகத் தொடரலாம், பழையதை நீக்கவும் செய்யலாம். ஆனால் சாவியைத் தாங்களே எடுத்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு, ஆப்பும் யாரையும் அதைச் செய்யத் தூண்டுவதில்லை.

குறை என்ன? அந்த ஓடை எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் படித்துச் சேமிக்கலாம், டெலீட் நிகழ்வு வரும்போது தன் பிரதியை அழிப்பது அவரவர் மனசாட்சி. 2024 நவம்பரில் 10 லட்சம் புளூஸ்கை பதிவுகளின் தொகுப்பு ஒன்று செயற்கை நுண்ணறிவுக்கான தரவுத் தொகுப்புகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஏற்றப்பட்டது. கடுமையான எதிர்ப்பு வந்ததும் ஏற்றியவர் எடுத்துவிட்டார், ஆனால் வேறு சிலர் அதைவிடப் பெரிய தொகுப்புகளைப் போட்டார்கள். அப்படி எடுக்கப்பட்ட தொகுப்பில் உங்கள் பதிவு இருந்தால், பிறகு நீங்கள் அழித்தாலும் அதற்குத் தெரியாது. மாஸ்டடானில் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று எழுத முடியும், அது ஒரு வேலி. புளூஸ்கையில் அப்படி எதுவும் இல்லை, எல்லாப் பதிவும் பொதுவில். தானாக அழிக்கும் செட்டிங் இல்லை, வெளிக் கருவிகளை நம்ப வேண்டும், அவற்றுக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையோ, வெளி ஆப்களுக்கென்று தனியாக உருவாக்கும் ஆப் பாஸ்வேர்டையோ கொடுக்க வேண்டும். நேரடிச் செய்தியை அழித்தால் உங்களுக்கு மட்டும்தான் அழியும், எதிரில் இருப்பவரிடம் இருக்கும். அப்புறம், நீங்கள் முன்பு பயன்படுத்திய பயனர்பெயர்கள் கணக்குகளின் அடையாளங்களைப் பதிந்து வைக்கும் பிஎல்சி டைரக்டரியின் பதிவேட்டில் எப்போதும் இருக்கும், யாரும் பார்க்கலாம். உண்மைப் பெயரில் ஆரம்பித்துப் புனைபெயருக்கு மாற நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரை மாற்றுவதால் பழைய பெயர் மறையாது, புதுக் கணக்குதான் வழி.

நாஸ்டர். இங்கே சர்வர் கணக்கு என்பதே கிடையாது, ஒரு சாவி ஜோடிதான் (நீங்கள் வைத்திருக்கும் ரகசியச் சாவியும், எல்லோருக்கும் தெரியும் பொதுச் சாவியும்) நீங்கள். எழுதியதில் அந்த ரகசியச் சாவியால் உங்கள் கையெழுத்துப் போட்டுப் பல ரிலேக்களுக்கு (இங்கே ரிலே என்பது பதிவுகளை வைத்திருந்து கேட்பவர்களுக்குத் தரும் சர்வர்) அனுப்புகிறீர்கள், உங்கள் கையெழுத்தோடு இருக்கும் அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் எடுத்து வேறு ரிலேயில் போடலாம், அது செல்லும். தணிக்கையை எதிர்க்க வேண்டும் என்று கட்டியது, அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன், யாரும் அழிக்க முடியாது என்ற பலம் சிலருக்கு உயிர்காக்கும். ஆனால் அந்த "யாரும்" என்பதில் எழுதியவரும் அடக்கம். நாஸ்டரின் விதித்தொகுப்பில் உள்ள நிப்-09 என்ற விதியின்படி 5-ஆம் வகை நிகழ்வாக ஒரு நீக்க வேண்டுகோளை அனுப்பலாம், ரிலேக்கள் அதை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், கட்டாயம் இல்லை. எது அழிக்கப்பட்டது என்று சொல்லும் அந்த வேண்டுகோளை மட்டும் ரிலேக்கள் காலவரையின்றி வைத்திருந்து பரப்ப வேண்டும், பழையது திரும்ப வந்தால் தடுப்பதற்காக. தொழில்நுட்பமாகச் சரிதான், ஆனால் உங்களை வேட்டையாடுகிற ஒருவருக்கு எதைத் தேட வேண்டும் என்று அதுவே கைகாட்டிவிடும். பின்னால் வந்த நிப்-62 இன்னும் அழுத்தமானது, என்னுடைய எல்லாவற்றையும் அழி என்று கேட்கும்போது ரிலே அழித்தே ஆக வேண்டும் என்கிறது, ரிலே அதை ஏற்று நடக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் அழித்துப் பார்த்தபோது ஒரு ஆப்பில் மறைந்தது இன்னொரு ஆப்பில் கூலாகத் தெரிந்தது. சாவி தொலைந்தால் வேண்டுகோள்கூட விட முடியாது.

ஸ்கட்டில்பட் போன்ற வேறு சில பரவலாக்கப்பட்ட நெட்வொர்க்குகள் இன்னும் ஒரு படி தாண்டியவை, அங்கே உங்கள் பதிவுகள் ஒன்றோடு ஒன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும், சேர்க்க மட்டுமே முடியும், நடுவில் இருந்து எடுத்தால் சங்கிலியே அறுந்துவிடும். ஸ்டீம், ஹைவ் மாதிரி பிளாக்செயினில் (பல கணினிகளில் பிரதியாகக் கிடக்கும், அழிக்க முடியாத பதிவேட்டில்) எழுதுவதும் இதே கதைதான். பொதுமக்கள் பேசிக்கொள்ளும் இடத்துக்கு இந்த அமைப்பு பொருத்தமே இல்லை என்பது என் கருத்து.

இதையெல்லாம் பேசும்போது எப்போதும் ஒருவர் வந்து "பொதுவில் போட்டால் பொதுதான், ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், அழிப்பதே வீண்" என்பார். நான் இதைக் கொஞ்சமும் ஏற்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்க யாராவது ஒருவர் அந்த நேரத்தில் அதைப் பார்த்து, வைத்திருக்க நினைத்திருக்க வேண்டும். அழிக்காத பதிவுக்கு அது எதுவும் தேவையில்லை, உங்கள் பெயரைத் தட்டினால் எந்த நாளிலும் யாருக்கும் வந்து நிற்கும். முழுசாக முடியாது என்பதால் முடிந்ததையும் செய்யாமல் விடுவது நியாயமா? தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டத்தின் 17-வது பிரிவைப் பாருங்கள். தகவலைப் பொதுவில் விட்டவர், அழிக்கச் சொல்லி கோரிக்கை வந்தால், அதை வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சிகளை எடுக்க வேண்டும் என்கிறது. உலகத்தில் எங்கேயும் ஒரு பிரதி இருக்கக் கூடாது என்று அது கேட்கவில்லை. நியாயமான முயற்சிதான் அளவுகோல், அதை வைத்துப் பார்த்தால் மாஸ்டடானும் புளூஸ்கையும் தேறுகின்றன. இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜி ஃபெட் பாலம்கூட டெலீட்டை அந்தப் பக்கம் கடத்துகிறது. மனசிருந்தால் முடிகிறது.

சரி, யாருக்கு எது? சாதாரணமாகப் பேசிப் பழக, அவ்வப்போது கழுவித் துடைக்க: மாஸ்டடான், நல்ல சர்வரில். பெரிய கூட்டத்தோடு பொதுவில் மட்டும் பேசுவேன், எழுதியது பிடிக்காவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும்: புளூஸ்கை. யாரும் என் வாயை மூடக்கூடாது, எழுதியது என்றைக்கும் நிற்கட்டும் என்பவர்களுக்கு நாஸ்டர், அதைத் தெரிந்தே போங்கள். மாஸ்டடானில் தானாக அழிக்கும் செட்டிங்கை இன்றைக்கே ஆன் செய்யப் போகிறவர்கள், அதற்கு முன் உங்கள் பதிவுகளின் ஆர்க்கைவைக் கேட்டு வாங்குங்கள், 7 நாளைக்கு ஒருமுறைதான் கேட்க முடியும். அது வந்து, இறக்கி, திறந்து, படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஆன் செய்யுங்கள். அழிந்த பதிவுகளை அந்த ஆர்க்கைவில் இருந்து மாஸ்டடானுக்குள் திரும்ப ஏற்ற வழி கிடையாது.